வடசேரியில் ஒரு சின்ன ஹால், ஐந்து ஓவியர்கள்: பாணி என்பது எதில் இருக்கிறது?

பழையாற்றங்கரை (ஞாயிறு, இரவு 9.40)

இன்று சாயங்காலம் வடசேரிப் பக்கம் ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஜவுளிக்கடை மாடியில் ஒரே ஒரு அறை. ஐந்து பேர் வரைந்த முப்பத்துச் சொச்சம் படங்கள். ஐந்து பேரும் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள். கேட்காமல் பெயர் போடுவது சரியில்லை, அதனால் ஊரை வைத்தே சொல்கிறேன்.

நுழைந்ததும் முட்டத்துக்காரரின் கடல். அதில் நீலமே இல்லை. முட்டம் பாறைமேட்டு மண்ணின் சிவப்பும் ஈரச் சாம்பலும்தான். தூரிகை படாமல் கத்தியால் அப்பிய எண்ணெய் வண்ணம், சில இடங்களில் தோசைக் கனத்துக்கு மேடு தட்டியிருக்கிறது. கிட்டே போனால் வெறும் மேடு பள்ளம். பத்தடி பின்னால் வந்தால் திடீரென்று காற்றடிக்கிறது. கீழே தலைப்பு: 'நவம்பர் 30'. அவ்வளவுதான். 2017-இல் ஒக்கி புயல் வந்த நாள் என்று நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது குலசேகரத்துத் தம்பி. ஆறு கேன்வாஸிலும் மேலிருந்து கீழாகக் கோடுகள், கோடுகள், கோடுகள். சுசீந்திரத்து டீச்சர் ஒருவரின் நீர்வண்ணப் படங்கள்: வயல், வாழை, வரப்பு. மார்த்தாண்டத்து அம்மா ஒருவரின் படங்கள் முழுக்க எழுத்து. ஈத்தாமொழிக்காரர் கயிறு திரிக்கும் பெண்களை அப்படியே உயிரோடு உட்கார வைத்திருக்கிறார்.

டீச்சரின் ஒரு படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்வெளி, மேட்டிலிருந்து பார்ப்பது மாதிரி. பச்சையில் ஏழெட்டு விதம். நடுவில் அங்கங்கே சதுரம் சதுரமாக வெள்ளை. பூச மறந்துவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் சதுரத்தின் மூலையில் நகக்கண் அளவு சர்வேக்கல் தெரிந்தது. மனையாகிப் போன வயலுக்கு அவர் நிறமே கொடுக்கவில்லை. வெறும் தாளாக விட்டுவிட்டார். நீர்வண்ணத்தில் வெள்ளை பூசுவதில்லை, தாளைக் காப்பாற்றித்தான் வெள்ளை கிடைக்கும் என்று அவரே சொன்னார். காப்பாற்றிய இடம் முழுக்க நாம் காப்பாற்றாத இடம். வீட்டுக்கு வந்தும் அந்த வெள்ளை கண்ணைவிட்டுப் போகவில்லை.

இந்த விவாத இழையைத் திறந்ததற்குக் காரணம் வேறு. என் பின்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "படத்தைப் பார்த்ததும் இன்னார் வரைந்தது என்று தெரியணும், அதுதான் ஸ்டைல். இந்த டீச்சருக்கு அது இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அந்தப் பையனுக்கு இருக்கு, ஆனா ஆறும் ஒண்ணுதான்." ஒருவருக்கு மாறியது குறை, இன்னொருவருக்கு மாறாதது குறை. அப்படியானால் பாணி என்று எதைத்தான் சொல்கிறோம்? படம் வரைகிறவர்களும் பார்க்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

குளச்சல் காற்று (ஞாயிறு, இரவு 10.15)

நானும் சனிக்கிழமை போனேன். ஈத்தாமொழிக்காரர் படத்தின் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். அந்தப் பெண்ணின் விரலிடுக்கில் நார் போகும் இடத்தில் தோல் காய்ப்பேறிக் கிடக்கிறது. என் அம்மாவின் கை அது. உழைப்பு தெரிகிறது, வித்தை தெரிகிறது.

அந்தக் கோடுகள் எனக்குப் பிடிபடவில்லை. யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் ஸ்கேல் வைக்காமல் இப்படிக் கோடு போடுவாள். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் இன்னொரு தடவை போய்ப் பார்க்க நான் தயார்.

சித்திரச்சுவர் (ஞாயிறு, இரவு 11.30)

காற்று அண்ணா, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. கோட்டுக்குப் போகும் முன் உங்களுக்குப் பிடித்த படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பார்த்தது பார்த்தபடி இருந்தால்தான் ஓவியம் என்று நமக்குப் படுகிறதே, அந்தக் கண் நமக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் ரவிவர்மாவால் வந்தது. அவர் கிளிமானூர்க்காரர், நம் மாவட்டமும் அப்போது அதே திருவிதாங்கூர்தான். எண்ணெய் வண்ணத்தில் துணியின் மினுக்கம், தோலின் சூடு, ஒரு பக்கம் வெளிச்சம் மறுபக்கம் நிழல், எல்லாவற்றையும் நம் புராணக் கதைகளுக்குள் கொண்டுவந்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் போட்டு அந்தப் படங்களை வீடு வீடாகச் சேர்த்தார். உங்கள் வீட்டுப் பூஜை அறை லட்சுமி எந்தக் கம்பெனிக் காலண்டரில் வந்தவளாக இருந்தாலும் அவருடைய லட்சுமியின் வாரிசுதான். மூன்று நான்கு தலைமுறையாக அதைப் பார்த்துக் கும்பிட்டு வளர்ந்த கண் நம்முடையது.

அதற்கு முன்னால் இதே மண்ணில் வேறு கண் இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்கள் இருக்கின்றன. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் காவிக்கல்லின் சிவப்பு, மஞ்சள் கல், விளக்குக் கரி, பச்சிலைச் சாறு. கண் காதுவரை நீளும். ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்து மறுபக்கம் நிழல் தட்டும் கணக்கெல்லாம் கிடையாது. கோடுதான் எல்லாம், நிறம் அதற்குள் நிரம்பும். அந்தச் சுவரில் பாம்பணையில் படுத்திருக்கும் அனந்தசயனப் பெருமாளைப் பார்த்து 'மனுஷன் இப்படி இருப்பானா' என்று யாரும் கேட்டதில்லை. நம் ஊரில் புதிதாக வந்தது நிஜம்போல் வரைவதுதான். கோடு பழைய ஆள்.

பிறகு சென்னையில் நடந்தது. ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்கு அப்புறம் பொறுப்புக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: ஐரோப்பாக்காரன் மாதிரி வரைகிறோம், நம்முடையது எங்கே? 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், சூத்திரம் மாதிரி சில குறிகள், மலையாளம் போலத் தோன்றும் எழுத்து. வாசிக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது, பார்க்க வேண்டும். 1966-இல் அவரும் மாணவர்களுமாகச் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பாத்திக் துணி போன்ற கைவேலைகளை விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் தங்கள் படத்தை வரைந்தார்கள்.

பாணிக்கு வருகிறேன். ஓவியர் ஆதிமூலத்தை எடுங்கள். 1969 காந்தி நூற்றாண்டில் அவர் வரைந்த கருப்பு மைக் காந்திகள் தமிழ்நாட்டில் படிக்கிற எல்லார் கண்ணிலும் இருக்கும். கிறுக்கு மாதிரி ஓடும் கோடு, ஆனால் எலும்பு தெரியும். அப்புறம் அதே மனிதர் கோட்டையே விட்டுவிட்டு, எண்ணெய் வண்ணத்தில் வெறும் நிறப்பரப்புகளுக்குப் போனார். மரம் இல்லை, ஆள் இல்லை, சிவப்பின் மேல் மஞ்சள் கசிந்து நிற்கும். பழையாற்றங்கரை, உங்கள் பின்னால் நின்றவர்கள் அன்றைக்கு இருந்திருந்தால் 'இவருக்கு ஸ்டைல் போய்விட்டது' என்றிருப்பார்கள். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே கைதான். ஓரத்தைக் கூர்மையாக முடிக்காமல் நடுங்கவிடுவது இரண்டிலும் உண்டு.

தோவாளை (திங்கள், காலை 6.50)

எல்லாம் சரி. விலை என்ன போட்டிருக்கிறார்கள்? இரண்டடிக்கு இரண்டடிப் படம் பன்னிரண்டாயிரம் என்று கேள்விப்பட்டேன். பூக்கட்டுகிற வீட்டில் இருந்து கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

பழையாற்றங்கரை (திங்கள், காலை 7.30)

அது ஈத்தாமொழிக்காரர் படத்தின் விலை. டீச்சரின் சின்ன நீர்வண்ணங்கள் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இருக்கின்றன. ஈத்தாமொழிக்காரர் ஒரு படத்துக்கு இரண்டு மாதம் எடுத்ததாகச் சொன்னார். எண்ணெய் வண்ணம் ஒரு பூச்சு காய்ந்தால்தான் அடுத்தது. நம் ஊரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, காய்வது லேசில்லை. நாள்கூலி கணக்குப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

போர்டு அண்ணாச்சி (திங்கள், மதியம் 1.20)

கண்காட்சிக்கு இன்னும் போகவில்லை. ஆனால் பாணி என்றதும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

தக்கலையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் கடைக்கடையாக போர்டு எழுதினவன் நான். தமிழும் எழுதுவேன், மலையாளமும் எழுதுவேன். ஃப்ளெக்ஸ் வரும்வரை அதுதான் சோறு. அப்போது எங்கள் வட்டாரத்தில் ஏழெட்டு பேர் இருந்தோம். எல்லாரும் ஒரே கடை எனாமல் பெயிண்ட், ஒரே மாதிரி அணில் வால் பிரஷ். போர்டின் கீழே பெயர் போடாவிட்டாலும் பஸ்ஸில் போகிறபோதே இது இன்னார் கை என்று சொல்லிவிடுவோம். எப்படி என்றால் 'ழ'.

'ழ' எழுதும்போது கடைசியில் கீழே சுழித்து இழுக்க வேண்டும். அந்த இடத்தில் பிரஷில் பெயிண்ட் தீரப் போகும், கையும் திரும்ப வேண்டும், மூச்சும் முட்டும். ஒருத்தர் அதை வெட்டி நிறுத்துவார். இன்னொருத்தர் உருட்டி மேலே கொண்டுபோவார். என்னுடையது வலப்பக்கம் மெலிந்து ஒரு வால் விழும். விழாமல் எழுத எத்தனையோ முயன்றேன், ஆசான் திட்டிக்கூடப் பார்த்தார். போகவில்லை. 'பழமுதிர்' என்று எழுதினால் அதில் நான் இருப்பேன்.

வேண்டும் என்று செய்வதை அடுத்தவன் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று நினைத்தும் போகாமல் நிற்பதுதான் அவனவன் கை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

குளச்சல் தம்பிக்கு ஒரு சொல். நாலடி நீளக் கோட்டை ஒரே இழுப்பில், கனம் மாறாமல், நடுவில் பிரஷைத் தூக்காமல் இழுப்பது சின்ன வேலை இல்லை. கை மட்டும் போனால் வளையும். தோளும் இடுப்பும் சேர்ந்து இறங்க வேண்டும். பிள்ளை போடுகிற கோடு அரையடியில் தடம் மாறிவிடும். அந்தப் பையன் எப்படி இழுத்திருக்கிறான் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

குளச்சல் காற்று (திங்கள், மதியம் 2.05)

அண்ணாச்சி, 'ழ' சமாச்சாரம் படித்துவிட்டு எங்கள் தெரு முக்கில் இருக்கும் பழைய மருந்துக்கடை போர்டைப் போய்ப் பார்த்தேன். வெட்டி நிறுத்தியிருக்கிறது. இத்தனை வருடம் கண்ணில் படவே இல்லை.

சித்திரச்சுவரிடம் ஒன்று கேட்க வேண்டும். பணிக்கர் 1963-இல் எழுத்தை வைத்துப் படம் செய்துவிட்டார். அறுபது வருடம் கழித்து மார்த்தாண்டத்து அம்மா அதையே செய்தால் அது அவருடைய பாணி ஆகுமா? எனக்கு அது இரவல் மாதிரிப் படுகிறது.

சித்திரச்சுவர் (திங்கள், இரவு 8.10)

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆல்பத்தில் பார்த்திருப்பார், பிடித்திருக்கும், செய்திருப்பார் என்று. இன்று போய்க் கிட்டே நின்று பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

பணிக்கரின் எழுத்தை வாசிக்க முடியாது. இந்த அம்மாவுடையதை வாசிக்கலாம். பழுப்பு ஏறிய மஞ்சள் பரப்பு. அதில் மங்கலாக, ஒன்றின் மேல் ஒன்றாக வரிகள். 'மரச்சீனி', 'மண்ணெண்ணெய்', 'கருப்பட்டி', 'பாக்கி'. பலசரக்குக் கடைப் பற்றுநோட்டு! சொற்கள் தமிழ். எழுத்து மலையாளம். ஏன் இப்படி என்று கேட்டேன். அவருடைய அம்மா 1956-க்கு முன்னால், விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூரில் இருந்தபோது பள்ளிக்கூடம் போனவர். படித்தது மலையாளம், வீட்டில் பேசியது தமிழ். 1956 நவம்பர் 1-இல் நம் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்து எல்லை மாறியது, அந்த அம்மாவின் கை மாறவில்லை. சாகும்வரை தமிழ்க் கணக்கை மலையாள எழுத்தில்தான் எழுதியிருக்கிறார். மகள் அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு படம் செய்கிறார். கடன் அடைந்த வரிகளை அம்மா குறுக்கே அடித்திருப்பாராம். படத்திலும் அந்த அடிப்புகள் இருக்கின்றன, அங்கே மட்டும் சிவப்பு.

எழுத்தை வைத்துப் படம் செய்யலாம் என்ற துணிச்சல் பணிக்கரிடமிருந்து வந்திருக்கலாம். அந்த எழுத்தை வேறு யாரும் கொண்டுவந்திருக்க முடியாது. ஈஞ்சம்பாக்கத்தில் உட்கார்ந்தும் முடியாது. இரவல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மணவாளக்குறிச்சி (திங்கள், இரவு 9.00)

எழுத்து, கோடு என்று போகிறது. நான் வண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா?

எங்கள் ஊர்க் கடற்கரை மணல் கருப்பு. அதில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது, சிவப்பாகத் தெரிவது கார்னெட். இல்மனைட்டிலிருந்துதான் டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். ஓவியர்கள் டியூபில் வாங்கும் 'டைட்டானியம் ஒயிட்' அதுதான். ஈய வெள்ளை விஷம் என்று மெல்ல ஒதுக்கப்பட்ட பிறகு உலகம் முழுக்க வெள்ளை என்றால் பெரும்பாலும் இதுதான். மணலைக் கையில் அள்ளினால் கரி மாதிரி இருக்கும், அதற்குள் இருப்பது இருப்பதிலேயே வெளுத்த வெள்ளை. பள்ளியில் வேதியியல் வாத்தியார் சொன்னபோது நான் நம்பவே இல்லை.

மணல் அள்ளுவதைப் பற்றிக் கடற்கரையில் எவ்வளவு வருத்தம் இருக்கிறது என்று தெரியும், அதற்குத் தனி இழை வேண்டும். ஆனால் குலசேகரத்துத் தம்பி படத்தில் கோடுகளின் நடுவே சொட்டுகிற அந்த வெள்ளையைப் பார்த்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

ரப்பர் வெட்டு (திங்கள், இரவு 11.45)

வணக்கம். அந்தக் கோடுகளை வரைந்தவன் நான்தான். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசனை. மணவாளக்குறிச்சி அண்ணன் வெள்ளையைப் பற்றி எழுதியதும் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அப்பா ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி. சின்ன வயதில் விடியும் முன் தலையில் லைட் கட்டிக்கொண்டு அவர் போகும்போது நானும் போவேன். தோட்டத்தில் மரம் மரமாகத் தெரியாது. லைட் படும் மரத்தில் ஒரு கோடு மட்டும் தெரியும், அடுத்த மரத்துக்குத் திரும்பினால் அது மறைந்து இன்னொரு கோடு. என் படத்தில் இருப்பது அதுதான். மரத்தை நான் வரையவில்லை. லைட் திரும்பும்போது கண்ணில் நிற்பதை வரைந்தேன்.

வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும், ஏறக்குறைய முப்பது டிகிரி. கொஞ்சம் ஆழம் போனால் மரத்தின் உள்தோல் கெட்டுப்போகும், ஆழம் போதாவிட்டால் பால் வராது. அப்பாவுக்கு அது கைக்கணக்கு. முதலில் அக்ரிலிக்கில் அந்த வெட்டைத் தூரிகையால் போட்டேன், பொய்யாகத் தெரிந்தது. அப்புறம் பழைய வெட்டுக்கத்தியையே எடுத்து, ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைச் சீவினேன். அடியில் பூசியிருந்த காவி தெரிந்தது. சீவிய இடத்தில் நீர்த்த வெள்ளையை விட்டால் அது தானாக வடியும். எவ்வளவு தூரம் வடியும் என்பது என் கையில் இல்லை, அன்றைய ஈரப்பதத்தின் கையில் இருக்கிறது. மழை நாளில் நீளமாக இறங்கும். வெயில் நாளில் பாதியில் உறைந்துவிடும். ஆறு படமும் ஒன்றுபோல் இருப்பதாகச் சொன்னவர்கள் சொட்டு நிற்கும் இடங்களை மட்டும் ஒருதடவை பார்த்தால் சந்தோஷப்படுவேன். மூன்று படம் மழையில் செய்தது, மூன்று மாசி மாதத்தில்.

நிஜ ரப்பர் பாலையே ஊற்றிப் பார்த்தேன். அன்றைக்கு வெள்ளையாக அழகாக இருந்தது. காயக் காயப் பழுப்புத் தட்டி ஒட்டுப் பிசின் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கேன்வாஸ் போச்சு.

நான் கல்லூரியில் ஓவியம் படிக்கவில்லை, டிப்ளமோ சிவில். அதனால் யாரிடமும் பேசக் கூச்சம்.

சித்திரச்சுவர் (செவ்வாய், காலை 6.15)

தம்பி, அச்சுதன் கூடல்லூர் சென்னைக்கு வந்தது சிவில் இன்ஜினியராக. வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரங்களில் வரையக் கற்றவர். 2022-இல் இறக்கும்வரை நிறத்தை மட்டுமே வைத்து அவர் செய்த படங்கள், இந்தியாவில் அருவ ஓவியம் என்று பேசினால் விட்டுவிட முடியாதவை. கூச்சப்பட ஒன்றும் இல்லை.

தோவாளை (செவ்வாய், காலை 7.05)

ரப்பர் வெட்டு தம்பி, மாசி மாதத்தில் செய்ததில் ஒன்றைத் தவணையில் தருவீர்களா? மூன்று மாதத்தில் முடித்துவிடுவேன். மகள் புது வீடு பால்காய்ப்புக்கு.

ரப்பர் வெட்டு (செவ்வாய், காலை 7.20)

தாராளமாக, அக்கா. வீட்டில் கடற்காற்று படுகிற சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். படத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கார்க் துண்டு வைத்தால் காற்றோட்டம் இருக்கும். நானே வந்து மாட்டித் தருகிறேன்.

குளச்சல் காற்று (செவ்வாய், மதியம் 12.40)

தம்பி, நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அப்பா லைட் விஷயம் தெரிந்த பிறகு அந்தப் படம் எனக்கு வேறாகிவிட்டது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நீங்கள் இங்கே எழுதியதால்தான் எனக்குப் புரிந்தது. கயிறு திரிக்கிற அம்மாவுக்கு யாரும் எழுத வேண்டியிருக்கவில்லை. படம் தனியாக நின்று பேச வேண்டாமா?

பழையாற்றங்கரை (செவ்வாய், மாலை 5.30)

இதில் நான் உங்கள் பக்கம் பாதி நிற்கிறேன். டீச்சரின் வெள்ளைச் சதுரம் யாரும் சொல்லாமலே எனக்குள் இறங்கியது. ஆனால் நம் வீட்டுப் பக்கத்து வயல் மனையானதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இறங்கியது. கயிறு திரிக்கும் கை உங்கள் அம்மாவின் கை, அதனால் உங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ரப்பர் தோட்டத்தில் விடியும் முன் நடந்தவர்களுக்கு அந்தக் கோடுகளும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மறைந்த ஓவியர் இளையராஜாவின் எண்ணெய் வண்ணப் பெண்களை நாம் பத்திரிகையில் பார்த்ததும் கொண்டாடினோமே, வீட்டு முற்றத்துச் சுவரில் விழும் வெளிச்சம்வரை நமக்குத் தெரிந்த வெளிச்சம் அது. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அங்கேயும் யாராவது கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும்.

போர்டு அண்ணாச்சி (செவ்வாய், இரவு 9.10)

இன்று போனேன். பேரன் கூட்டிப் போனான். படியேறச் சிரமம், கைப்பிடி இருக்கிறது.

ஈத்தாமொழிக்காரர் படத்தில் அந்த அம்மாவின் காதோரம் உற்றுப் பார்த்தால் பென்சில் கட்டம் இன்னும் தெரிகிறது. கட்டம் போட்டுப் பெரிசாக்கியிருக்கிறார், எங்கள் சினிமா பேனர்க்காரர்கள் செய்ததுபோல. அவரிடம் கேட்டேன், சித்தப்பா பேனர் வரைந்தவராம். அழிக்க மனசில்லாமல் விட்டேன் என்றார்.

ரப்பர் தம்பியும் இருந்தான். கோட்டை எப்படி இழுத்தாய் என்று கேட்டேன். கேன்வாஸைச் சுவரில் சாய்த்து, நின்று, முழங்காலை மடக்கிக்கொண்டே இறங்குகிறானாம். சரியான முறை. மூலையில் ஒரு துண்டு கேன்வாஸ் கிடந்தது. நீங்கள் ஒன்று இழுங்க தாத்தா என்று பிரஷைக் கொடுத்துவிட்டான். பிரஷ் பிடித்துப் பல வருடம் ஆயிற்று. அக்ரிலிக் எனக்குப் பழக்கமில்லை, எனாமல் மாதிரி வழுக்காமல் பிடித்து இழுக்கிறது. இரண்டடிதான் போனேன். கை நடுங்கியது. முடிக்கும் இடத்தில் வலப்பக்கம் மெலிந்து வால் விழுந்தது.

பேரன் ஃபோனில் எடுத்து வைத்திருக்கிறான்.

குளச்சல் காற்று (செவ்வாய், இரவு 9.25)

அந்தத் துண்டு அங்கேயேதான் இருக்கிறதா அண்ணாச்சி? நாளைக்கு மகளைக் கூட்டிப் போகிறேன். எத்தனை மணிவரை திறந்திருக்கும்?

ரப்பர் வெட்டு (செவ்வாய், இரவு 9.40)

இருக்கிறது, அண்ணா. என் படங்களுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். நாளை கடைசி நாள், ஏழு மணிக்கு மூடிவிடுவோம். நாலு மணிக்குள் வந்தால் மேற்கு ஜன்னல் வெளிச்சம் கிடைக்கும், டியூப்லைட்டில் காவி செத்துத் தெரிகிறது.